மயில் மோதியதால் மின்தடை

மார்ச் 8, ஞாயிறு

டாக்டரம்மா சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். தினமும் பி.பி. எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், எதற்குக் கோபப்பட்டேன் என்று ஒரு மாதம் குறித்துக்கொண்டு வர வேண்டுமாம். மாத்திரை விஷயத்தை அதன் பிறகு முடிவு செய்வாராம். எனக்கு ஐம்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சொந்தமாக நாலு வரி எழுதியதில்லை. எழுதுவதெல்லாம் நான் ஆபரேட்டராக இருக்கும் மின்சார சப்-ஸ்டேஷன் லாக் புத்தகத்தில்தான். நேரம், அளவு, காரணம், கீழே மகுடபதி என்று கையெழுத்து.

இந்த டைரி ஐஸ் கம்பெனி கொடுத்தது. ஊரில் அதற்கு அப்படித்தான் பெயர். உண்மையில் அது டேட்டா சென்டர். எங்கெங்கோ இருப்பவர்கள் செல்போனில் எடுக்கும் படமெல்லாம் அங்கே மெஷின்களில் இருக்கிறதாம். அவை சூடாகாமல் இருக்க இருபத்து நாலு மணி நேரமும் குளிரூட்டுகிறார்கள். எங்கள் சப்-ஸ்டேஷனில் இருந்து போகும் மின்சாரத்தில் முக்கால்வாசி அவர்களுக்குத்தான். புத்தாண்டுக்கு அவர்களுடைய எலெக்ட்ரிகல் மேனேஜர் நிரஞ்சன் சார் நேரில் வந்து ஆளுக்கொரு டைரியும் ஒரு டப்பா முந்திரியும் கொடுத்துவிட்டுப் போனார். முந்திரி அந்த வாரமே தீர்ந்துவிட்டது. டைரி சும்மா கிடந்தது. நல்ல வழவழப்பான தாள்.

காலை பி.பி. 148/94. ஊறுகாயைக் குறைக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

கோகிலா இன்று முட்டை வைத்தாள். கோகிலவாணி என் மனைவி. வீட்டுக்குப் பின்னால் உள்ள அறையில் குஞ்சு பொரிக்கும் மெஷின் வைத்திருக்கிறாள். சுற்றுவட்டாரப் பெண்கள் நாட்டுக்கோழி முட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், இருபத்தோராம் நாள் குஞ்சாக வாங்கிப் போவார்கள். நான்கு வருடமாக நூற்றுக்கு எண்பத்தைந்து குஞ்சுக்குக் குறைந்ததில்லை. ஜனவரியில் ஐம்பத்திரண்டு. பிப்ரவரியில் முப்பத்தெட்டு.

“இந்த வாட்டியும் போச்சுன்னா மெசினை இழுத்து மூடிருவேனுங்க,” என்றாள். “என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க முட்டைய வாங்கறது?”

ஆயிரம் முட்டை. மார்ச் முப்பதாம் தேதி பொரிக்க வேண்டும். மெஷின் கதவில் ஒரு அட்டையை ஒட்டி வைத்திருக்கிறாள். தேதி, மணி, சூடு, கரண்ட் போன நேரம், வந்த நேரம் எல்லாம் அதில் ஏறும். என் லாக் புத்தகத்தைவிடச் சுத்தமான கையெழுத்து.

இந்த மாதம் முழுக்க எனக்கு மதிய ஷிப்ட். மாலை 6.25க்குச் சென்னையில் இருந்து, மாநிலம் முழுக்க மின்சாரத்தைப் பங்கிடும் லோடு டெஸ்பாட்ச் அலுவலகத்திலிருந்து, போன் வந்தது. நான்கு மெகாவாட் குறைக்க வேண்டும். ஜனவரியில் இருந்து ஒரு புது விதி, ஒரு வருடச் சோதனை. மாலை ஆறரை முதல் பத்தரை வரை எல்லா வீட்டிலும் விளக்கும் ஃபேனும் மோட்டாரும் சேர்ந்து ஓடும். அந்த நேரத்தில் தட்டுப்பாடு வந்தால் மிகப் பெரிய நுகர்வோர் முதலில் தங்கள் இழுப்பைக் குறைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மிகப் பெரிய நுகர்வோர் யார் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.

நிரஞ்சன் சாருக்குப் போன் போட்டேன். “பேசிட்டு லைன்ல வரேன் சார்,” என்றார். என்றும் அப்படித்தான் சொல்வார், வந்ததில்லை. அவர்களிடம் எட்டு டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது, ஒன்றையும் ஓட்டி நான் பார்த்ததில்லை. 6.28க்கு எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ. பெனாசிர் மேடம் கூப்பிட்டார். “மேல பேசிட்டாங்கண்ணா. கம்பெனியத் தொட வேணாமாம். ஊர் பீடரை எடுத்துருங்க.”

பீடர் என்றால் எங்களிடமிருந்து ஊர்களுக்குப் போகும் லைன். எங்களுக்கு இரண்டு. ஒன்று நான் குடியிருக்கும் சாமந்தம்பாளையம், இன்னொன்று புதூர். ஆறரை முதல் எட்டரை எங்கள் ஊர், எட்டரை முதல் பத்தரை புதூர். ஸ்விட்சைத் திருப்ப ஒரு நொடி போதும்.

பி.பி. 150/94.

மார்ச் 10, செவ்வாய்

6.30 முதல் 8.30. மரக்கிளை உரசல்.

மார்ச் 12, வியாழன்

கோகிலா கேட்டாள், “நேத்து எதுனாலீங்க போச்சு?”

“மயில் அடிபட்டிருச்சு.”

“அதுக்கு முந்தா நாளு?”

“மரம்.”

“நம்ம லைன்ல அத்தனை மரம் எங்கீங்க இருக்குது?” என்று கேட்டுவிட்டு மெஷின் அறைக்குப் போய்விட்டாள். அட்டையில் எழுதும் சத்தம் கேட்டது. அழுத்தித்தான் எழுதுவாள்.

காரணம் எழுதுவது ஒரு தனி வித்தை. லோடு குறைப்பு என்று எழுதினால் ‘கம்பெனி ஏன் குறைக்கவில்லை’ என்று கேள்வி வரும். அதனால் லைன் பழுது என்று எழுத வேண்டும். சொல்கிறவர்கள் எழுத்தில் தர மாட்டார்கள், எழுதுகிறவன் இன்னார் சொன்னார் என்று எழுதக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்த வழக்கம் இது, நான் கண்டுபிடித்ததில்லை. மரம் என்று அடிக்கடி எழுதினால் கிளை வெட்ட ஆள் அனுப்பி விடுவார்கள். கம்பி அறுந்தது என்றால் புதுக் கம்பி வாங்கியதாகக் காட்ட வேண்டும். செலவே இல்லாதது மயில் ஒன்றுதான். எங்கள் பக்கம் மயிலுக்கும் பஞ்சமில்லை. இப்போதுகூட காம்பவுண்டுச் சுவரில் ஒன்று உட்கார்ந்து என்னையே பார்க்கிறது.

மார்ச் 14, சனி

கோகிலா லைட் வைத்துப் பார்த்தாள். இருட்டில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் உள்ளே ரத்த நரம்பு ஓடுவது தெரியும். ஓடாததை எடுத்துவிடுவாள். இந்தத் தடவை எடுத்தது குறைவு. முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. என்னையும் ஒரு முட்டையைப் பார்க்கச் சொன்னாள். ஒரு சின்னக் கருப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

மாலை 6.30க்கு எங்கள் பீடரை நிறுத்தினேன். இன்வெர்ட்டர் கிழடாகிவிட்டது, இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதன் பிறகு அவள் மெஷின்மேல் சாக்குப் போட்டு மூடி, உள்ளே சுடுதண்ணீர்ப் பாத்திரம் வைத்துச் சூட்டைக் காப்பாற்றுவாள். நான் இங்கே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். சப்-ஸ்டேஷனுக்குக் கரண்ட் போகாது.

152/96. மத்தியானம் சாப்பாட்டில் உப்புக் கருவாடு. அதுதான் காரணம்.

மார்ச் 17, செவ்வாய்

மயில்.

மார்ச் 19, வியாழன்

இன்று ஒரு கூத்து. வனக்காவலர் துரைராஜ் பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு தாள். எங்கள் மாதாந்திர மின்தடை அறிக்கை இப்போது இணையத்தில் ஏறுகிறதாம். கோயம்புத்தூரில் யாரோ ஒரு பறவை ஆர்வலர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். ஜனவரியில் இருந்து எங்கள் லைனில் பதினேழு மயில்.

“தேசியப் பறவைங்க,” என்றார் துரைராஜ். “ஒண்ணு செத்தாலே எங்களுக்குத் தகவல் சொல்லோணும். பதினேழு செத்திருக்குது. ஒண்ணோட ஒடம்பையாச்சும் காட்டுங்க.”

என் வாயில் வந்தது, “நாய் இழுத்துட்டுப் போயிருச்சுங்க.”

“பதினேழையுமா?”

“இங்க நாய் ஜாஸ்திங்க.”

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். நாய் ஒன்றுகூட இல்லை. சுவரில் வழக்கமான மயில் மட்டும் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன், பொறுமையாகக் குடித்தார். அப்புறம் ஒரு தாளை நீட்டி, “நீங்க சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க,” என்றார். எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

பெனாசிர் மேடத்திடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. முப்பது வயதுப் பெண், வேலைக்கு வந்து ஐந்து வருடம். “அண்ணா, இனிமே மயில் எழுதாதீங்க,” என்றார். “அப்ப என்ன எழுத மேடம்?” என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

160/100. பதினேழு என்று எனக்கே தெரியாது.

மார்ச் 20, வெள்ளி

கம்பி அறுந்தது. ஸ்டோரில் இருந்து புதுக் கம்பிக்கு ரசீது கேட்டார்கள்.

மார்ச் 21, சனி

மயில்.

மார்ச் 26, வியாழன்

நாளையோடு பதினெட்டு நாள். அதன் பிறகு முட்டையை உருட்டக் கூடாது, கீழ்த் தட்டுக்கு மாற்றி விடுவாள். கோகிலா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “இத்தனை நாளும் சாக்கப் போட்டுச் சமாளிச்சுட்டேனுங்க. கடைசி மூணு நாளு அது ஆகாது. உள்ள குஞ்சு மூச்சு உட ஆரம்பிச்சிரும். ஃபேன் நின்னா மூச்சு முட்டும், மூடுனாலும் முட்டும். போன ரெண்டு வாட்டியும் அப்படித்தான் போச்சு. ஓட்டுக்குள்ளயே முழுக் குஞ்சா செத்துக் கெடந்துச்சு. ஒண்ணொண்ணா ஒடைச்சுப் பாத்தேன்.”

அவள் உடைத்துப் பார்த்தது எனக்குத் தெரியாது. நான் ட்யூட்டியில் இருந்திருப்பேன்.

“உங்காபீசுல சொல்லி மூணே மூணு நாளைக்கு அந்த மயிலுகளை வேற பக்கம் போகச் சொல்லுங்க,” என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

மார்ச் 27, வெள்ளி

விசேஷமில்லை.

மார்ச் 28, சனி

விசேஷமில்லை. 158/100. ஊறுகாயைத் தொடக்கூட இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

விசேஷமில்லை.

மார்ச் 30, திங்கள்

பொரித்துவிட்டது! விடியற்காலையில் இருந்து ஒரே கீச்சுக் கீச்சு. நூற்றுக்கு எண்பத்தொன்று. கோகிலா இரண்டு தடவை எண்ணிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் பகல் வெளிச்சத்தில் அப்படிப் பிடித்ததில்லை. “சாமி கண்ணத் தொறந்துருச்சுங்க. மூணு நாளா ஒரு நிமிசம் கரண்ட் போகலே,” என்றாள்.

மத்தியானத்துக்குள் பெண்கள் வந்து அட்டைப் பெட்டியில் வாங்கிப் போனார்கள். புதூர் சுலோச்சனா மட்டும் கடைசியாக வந்தாள். இருநூறு முட்டை கொடுத்திருந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

“ஏன்டி இப்படி இருக்கற?” என்று கோகிலா கேட்டாள்.

“எங்கூர்ல மூணு நாளா ஆறரைக்குப் போற கரண்டு பத்தரைக்குத்தான் வருதக்கா. மேல்தொட்டிக்குத் தண்ணி ஏறலே. மூணு நாளாக் கொடத்தத் தூக்கிக்கிட்டுத் தோட்டம் தோட்டமா அலையறோம். நேத்துக் கெணத்துப் படியில எங்க மாமியா வழுக்கி உழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சு போச்சு. ஆசுபத்திரில இருந்துதான் நேரா வரேன்.” பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “நல்லா வந்திருக்குதக்கா,” என்றாள்.

எனக்கு ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது. கிளம்பி வந்துவிட்டேன்.

பி.பி. பார்க்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மின்கட்டணமும் விதிகளும் முடிவு செய்யும் ஆணையம் எட்டாம் தேதி டவுன் கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கிறது. ஐஸ் கம்பெனி மனுப் போட்டிருக்கிறது. மாலை நேரக் கட்டுப்பாட்டிலிருந்து அவர்களுக்கு நிரந்தர விலக்கு வேண்டும். அவர்கள் கட்டப் போகும் இரண்டாவது கட்டடத்துக்குப் புது லைன் இழுக்கும் செலவை எல்லா நுகர்வோர் கட்டணத்திலும் சேர்த்துவிட வேண்டும். காரணம், இந்தப் பகுதியில் தட்டுப்பாடே கிடையாதாம்.

ஆதாரமாக எங்கள் லாக் புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இது நிறைவேறினால் மாலையில் ஊரை நிறுத்துவது என்றைக்கும் நிற்காது. கட்டடம் இரண்டானால் இரண்டு மணி நேரம் நாலாகும்.

மேடம், “ஒரிஜினல் லாக் புத்தகத்த நீங்களே எடுத்துட்டு வாங்கண்ணா,” என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

162/102. கோகிலா அட்டைகளை எல்லாம் கதவிலிருந்து பிரித்து மடித்துப் பையில் வைத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஆணையத்தின் மூன்று பேர், நடுவில் ஒரு வயதான அம்மா. நான் பின்வரிசையில் லாக் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி வக்கீல் எழுந்தார். ஜனவரி முதல் மார்ச் வரை சாமந்தம்பாளையம், புதூர் பீடர்களில் ஏற்பட்ட மின்தடைகள் அனைத்தும் இயற்கையான காரணங்களால் ஏற்பட்டவை என்றார். மயில் இருபத்து மூன்று, மரக்கிளை, கம்பி, இன்சுலேட்டர். லோடு குறைப்பு ஒரு தடவைகூட இல்லை. மயில்கள் விஷயமாக வனத்துறை விசாரித்து, பொறுப்பான ஊழியரின் எழுத்து வாக்குமூலமும் பெற்றிருக்கிறது என்று என் நாய்க் கடிதத்தைப் படித்தார். நிரஞ்சன் சார் முன்வரிசையில் இருந்து திரும்பி என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார்.

பொதுமக்கள் பேசலாம் என்றதும் வலது பக்கம் பெண்கள் வரிசையில் இருந்து எழுந்தவள் கோகிலா. சுலோச்சனா முதலானவர்களோடு பஸ்ஸில் வந்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அட்டைகளை விரித்து வைத்துக்கொண்டு படித்தாள். மார்ச் ஒன்பது, ஆறு முப்பது. மார்ச் பத்து, ஆறு முப்பது. மார்ச் பதினொன்று, ஆறு முப்பது. வந்தது எட்டு முப்பது, எட்டு முப்பது, எட்டு முப்பது. கடைசியில் தலையைத் தூக்கினாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணுமுங்க. அந்த மயிலுகளுக்கெல்லாம் வாட்சு கட்டி உட்டது ஆருங்க?”

மண்டபம் அதிர்ந்தது. அந்த வயதான அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இந்தப் பதிவில் கையெழுத்துப் போட்ட ஆபரேட்டர் வந்திருக்கிறாரா?” என்று கேட்டார்.

நகல் தாளைப் பெண்களிடமும் கொடுத்திருந்தார்கள். கோகிலா குனிந்து பார்த்தாள். எங்கள் பெண்ணின் ரேங்க் கார்டில் பன்னிரண்டு வருடம் நான் போட்ட கையெழுத்து அது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? மண்டபம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

மேடம் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் எழுந்திருக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் அந்த ஆபரேட்டர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வீட்டில் கோகிலா திட்டவில்லை. தட்டு வைத்தாள், சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். நான் பாதி சாப்பிட்டபோது கேட்டாள்.

“கடைசி மூணு நாளு மட்டும் மயிலெல்லாம் நம்ம பக்கம் வராம புதூருக்கே போயிருச்சுங்களா?”

அவள் எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 9, வியாழன்

நிரஞ்சன் சார் போன் செய்தார். எப்போதும்போல மரியாதைதான். “எழுதினதுல உறுதியா இருங்க சார், அது போதும். மாத்திச் சொன்னீங்கன்னா, மூணு மாசம் பொய்ப் பதிவு செஞ்சது நீங்கன்னுதானே ஆகும்? உங்ககிட்ட எழுத்து உத்தரவு ஏதாவது இருக்கா?”

இல்லை. அவருக்கும் அது தெரியும்.

மேடம் நேரில் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “எனக்கும் வாயாலதாண்ணா சொன்னாங்க. உங்களைச் சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்,” என்றார். போகும்போது திரும்பி, “எந்த நாள், எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு இருந்தாக்கூடப் போதும். நான் எதையும் குறிச்சு வெக்கல,” என்றார்.

இன்னும் ஒன்பது வருடம் வேலை இருக்கிறது. உண்மையைச் சொன்னால் முதலில் சஸ்பெண்ட் ஆவது நான்தான். பயமாக இருக்கிறது. டாக்டரம்மா, எதற்குக் கோபப்பட்டேன் என்று எழுதச் சொன்னீர்கள். பயத்தை எழுதச் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதம் முழுக்க இருந்தது பயம்தான், ஊறுகாய் இல்லை.

ஏப்ரல் 11, சனி

சப்-ஸ்டேஷனில் என் மேஜைமேல் எப்போதும் இரண்டு புத்தகம் இருந்தது. ஒன்று லாக், ஒன்று இது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் மயில் என்று இருக்கும் நாளுக்கு இதில் 6.25 என்று இருக்கிறது. சென்னை கூப்பிட்ட நேரம், நிரஞ்சன் சார் சொன்னது, மேடம் சொன்னது எல்லாம் மார்ச் ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. டாக்டரிடம் காட்டுவதற்காக எழுதியது. ஐஸ் கம்பெனி கொடுத்த தாளில்.

இந்த டைரியையே ஆணையத்துக்குக் கொடுத்துவிடப் போகிறேன்.

ஆனால் மூன்று பக்கத்தில் விசேஷமில்லை என்று எழுதியிருக்கிறேன். அதுவும் பொய். லாக் புத்தகத்தில் பொய் எழுதச் சொன்னவர்கள் உண்டு. டைரியில் பொய் எழுதச் சொன்னவர் யாருமில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

மார்ச் 27, 28, 29 மூன்று நாளும் மாலை 6.30க்கு நிறுத்த வேண்டியது எங்கள் ஊர் பீடர். நான் நிறுத்தவில்லை. புதூரை 6.30க்கே நிறுத்தினேன், 10.30க்குத்தான் கொடுத்தேன். நாலு மணி நேரம். யாரும் சொல்லவில்லை, நானே செய்தது. என் வீட்டு முட்டைக்காகச் செய்தேன். லாக் புத்தகத்தில் மயில் என்று எழுதினேன். சுலோச்சனாவின் மாமியார் விழுந்தது மூன்றாம் நாள்.

ஐஸ் கம்பெனி ஊருக்குச் செய்ததை நான் புதூருக்குச் செய்தேன். என் கையில் ஸ்விட்ச் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுத்தாலும் கம்பெனிக்கு எதிரான ஆதாரம் குறையாது. அதையும் யோசித்தேன். டைரியைக் கோகிலாவின் மெஷின்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஏப்ரல் 13, திங்கள்

இது நான் எழுதுவது, கோகிலவாணி.

இவர் ட்யூட்டிக்குப் போயிருக்கிறார். முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டேன். ஒரு திருத்தம். மார்ச் 14 அன்று கரண்ட் போனது 6.30 இல்லை, 6.34. என் அட்டையில் இருக்கிறது.

கருவாட்டில் நான் உப்பு அதிகம் போடுவதில்லை என்பதையும் டாக்டரம்மா தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பக்கங்களைக் கிழிக்கலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. எண்பத்தொன்று என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் ஒருத்தியும் என்னிடம் இனி முட்டை கொடுக்க மாட்டாள். பிடித்துக் கிழிக்கப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கும். அதற்குமேல் கை போகவில்லை. நேற்று சுலோச்சனாவின் மாமியாரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, நடந்ததைச் சொன்னேன். சுலோச்சனா என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. எல்லாப் பக்கமும் இருக்கட்டும். நாளைக்குப் புத்தாண்டு லீவு, புதன்கிழமை காலையிலேயே இதை ரிஜிஸ்டர் தபாலில் போட வேண்டும்.

மெஷினில் இப்போது எண்பது முட்டைதான். எல்லாம் எங்கள் சொந்தக் கோழி போட்டவை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மணி 6.30. வழக்கம்போல சாக்கை எடுக்கப் போனேன். போன் அடித்தது. இவர்தான்.

“கோகிலா, கரண்டை நான்தான் நிறுத்துனேன். கம்பெனி கொறைக்க மாட்டேங்குது. லாக்குல அப்படியே எழுதிட்டேன், மேடமும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. எட்டரைக்கு வரும்.”

இருபத்து நாலு வருடத்தில் எத்தனையோ தடவை கரண்ட் போயிருக்கிறது. இப்படிப் போன் வந்தது இதுதான் முதல் தடவை.

“சரிங்க,” என்றேன். அட்டையில் காரணம் என்று ஒரு புதுக் கட்டம் போட்டு அவர் சொன்னதை எழுதிவிட்டு, சாக்கை எடுத்து மெஷின்மேல் போட்டேன்.